மறிப்பதா, தணிப்பதா: நுரைக்கூரைப் பணியில் காற்றுத்திரை

பாலியூரித்தேன் நுரையைத் தெளித்துக் கூரைக்குக் காப்பிடும் முறை அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக வழக்கில் இருக்கிறது. 2005இல் கத்ரீனா புயலில் மேலுறை கிழிந்த நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் அரங்கின் கூரைக்கு மறு ஆண்டு இட்டதும் இந்த நுரைதான். சூடேற்றிய ஐசோசயனேட்டும் பாலியால் கலவையும் துப்பாக்கியில் சம அளவில் கலந்து, சில நொடிகளில் பொங்கி இறுகுகின்றன. அந்த நொடிகளில் காற்று குறுக்கிட்டால் வினையின் வெப்பம் பறிபோகும். மேற்பரப்பு சமமாக அமையாமல், தொழிலில் ‘பாப்கார்ன்’ என்று சொல்லப்படும் கரடான நிலையை அடையும். அதன்மேல் மேற்பூச்சு சீராகப் படியாது. பூச்சு விட்ட இடத்தில் வெயில் நுரையை அரிக்கும். ஆகவே மணிக்குச் சுமார் 12 மைலுக்கு மேல் காற்றடித்தால் திரையின்றித் தெளிக்கலாகாது என்பது பரவலான வரம்பு. ஆனால் திரை எத்தகையது என்பதைப் பெரும்பாலும் கைக்குக் கிடைத்த தார்ப்பாயே தீர்மானித்துவிடுகிறது. காற்றை மறிக்கும் பாய் அல்ல, அதன் வேகத்தைத் தணிக்கும் வலையே இப்பணிக்கு உரியது என்பது என் வாதம்.

தெளிப்பின் நுண்துளிகளைக் காற்று அடித்துச் செல்வதும் உண்டு; அந்தத் துளியின் கணக்கிலிருந்து தொடங்கலாம். 50 மைக்ரான் விட்டமுள்ள துளி நொடிக்கு 9 சென்டிமீட்டர் அளவில்தான் கீழிறங்கும். 60 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்த துப்பாக்கியிலிருந்து அது கூரைப்பரப்பைச் சேர ஏறத்தாழ 7 நொடி ஆகும். 12 மைல் காற்றில் அதற்குள் 35 மீட்டருக்கு மேல் போய்விடும். கூரை விளிம்பைத் தாண்டினால் விழும் உயரமும் கூடி, அது ஒட்டப்போகும் காரோ கண்ணாடியோ அடுத்த தெருவில்கூட இருக்கலாம். வேகம் பாதியானால் தூரமும் பாதியாகும். கொந்தளிப்பை விட்டுவிட்ட எளிய கணக்குதான் இது. ஆயினும் காற்றை முற்றாக நிறுத்தத் தேவையில்லை என்பதை அது காட்டிவிடுகிறது. நிறுத்த முயல்வதே கேடாகவும் முடியும். டென்மார்க்கின் மார்ட்டின் யென்சன் 1954இல் வெளியிட்ட ஆய்வு உட்பட, வயல்வெளிக் காற்றரண்களைப் பற்றிய நெடிய ஆய்வு மரபு சொல்வது இதுதான்: முழுதும் மூடிய தடுப்புக்குப் பின்னால் காற்று சுழன்று திரும்பும், ஏறத்தாழ பாதி திறந்த தடுப்போ, உயரத்தைப் போல் பத்து மடங்கு தொலைவு வரை மென்மையான அமைதியைத் தரும். தார்ப்பாயின் பின்னால் நிற்பவர் முகத்திலேயே ஐசோசயனேட் மூட்டம் திரும்பி வரக் காரணம் அந்தச் சுழல்.

சுமையும் இதையே வலியுறுத்துகிறது. 3 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள பாயை 12 மைல் காற்று சுமார் 16 கிலோ விசையில் தள்ளும். 25 மைல் வீச்சில் அது 65 கிலோவைத் தாண்டும். கூரையைத் துளைத்துச் சட்டத்தைப் பூட்ட முடியாது. எடைக்கட்டை வைத்தோ ஆள் பிடித்தோதான் நிறுத்த வேண்டும். விளிம்பருகே பாயைப் பிடித்து நிற்பவரை ஒரு வீச்சு இழுத்துச் செல்லும். வலையோ காற்றில் ஒரு பகுதியை விட்டுவிடுவதால் அதன்மேல் விசை குறையும். நிழல்வலை இட்ட, சக்கரம் பூட்டிய மும்முகச் சட்டம் தெளிப்பவரோடு நகரும். யாரும் பிடித்து நிற்க வேண்டியதில்லை.

வலைக்கண் வழியே துளி தப்பிவிடாதா என்று கேட்கலாம். நுண்துளிகள் தப்பும்தான். ஆனால் வலையின் முதல் இடம் காற்று வரும் பக்கம். அங்கே அது வடிகட்டி அல்ல. எதிர்ப்பக்கத்திலும் பெரிய துளிகள் வலையின் இழைகளில் மோதி நிற்கும். பாயிலோ மூட்டம் காற்றோடு மேலெழுந்து தாண்டிவிடும். இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று: நல்ல திரை கிடைத்தால் வரம்பு மீறிய காற்றிலும் வேலையை ஓட்டுவார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் ஒப்பந்த ஆவணம் ‘திரை வேண்டும்’ என்பதோடு நிற்கக் கூடாது. வலையின் திறப்பளவு, துப்பாக்கிக்கும் திரைக்கும் உள்ள தூரம், திரைக்கு வெளியே அளந்த எந்த வேகத்தில் வேலை நிற்க வேண்டும் என்ற மூன்றையும் அது எண்ணிட்டுச் சொல்ல வேண்டும்.