இருவினையொப்பு

நல்வினைப் பயனாகிய இன்பத்தில் விருப்பும் தீவினைப் பயனாகிய துன்பத்தில் வெறுப்பும் கொள்ளாமல், உயிர் இரண்டையும் ஒருபடித்தாகக் காணும் பக்குவத்தைக் குறிக்கும் சைவ சித்தாந்தக் கலைச்சொல். மலபரிபாகம் (மலம் நீங்கும் பக்குவம் அடைதல்), சத்திநிபாதம் (திருவருள் பதிதல்) ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும். புண்ணியமும் பாவமும் அளவில் சமமாகி ஒன்றையொன்று கழித்துவிடுவது என இதற்குப் பொருள் கொள்வோர் உண்டு, அது பொருந்தாது. ஒப்பு நிகழ்வது வினையின் அளவில் அன்று, உயிரின் அறிவில் என்பதே 18ஆம் நூற்றாண்டுச் சிவஞான முனிவரின் விளக்கம். பொன்விலங்கும் இரும்புவிலங்கும் கட்டுவதில் ஒன்றே என்பது வழக்கமான உவமை. மரத்துப்போதலும் இதுவன்று: சுவையும் வலியும் தெரியும், பற்று எழாது. திருப்புகலூரில் உழவாரப் பணியின்போது தென்பட்ட பொன்னையும் மணியையும் திருநாவுக்கரசர் பருக்கைக்கற்களோடு சேர்த்துக் குளத்தில் எறிந்ததாகப் பெரியபுராணம் (12ஆம் நூற்றாண்டு) கூறும் நிகழ்ச்சி இந்நிலைக்குத் தக்க சான்று.