பப்பரப்புளி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடைகளில் புளிப் பொட்டலத்தின் மேல் 'அசாம் ஜாவா' என்று அச்சிட்டிருக்கும். மலாய்க்காரருக்கு அது ஜாவாப் புளி. அரபியருக்கோ 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை. மரமோ வறண்ட ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் தோன்றியது என்கிறார்கள் தாவரவியலார். தமிழோ ஊர் விசாரிக்காமல் நாக்கை நம்பிப் புளி என்று பெயர் வைத்தது.

பிறகு கடல் கடந்து வந்த புளிப்புக்காய் மரங்களுக்கும் அந்தச் சொல்லையே கொடுத்தோம். மெக்சிகோ மரம் கொடுக்காய்ப்புளி ஆயிற்று. அந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது பப்பரப்புளி. ஆங்கிலத்தில் பாவோபாப் எனப்படும் மரம்தான் அது.

பப்பரம் என்பது 'பர்பர' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். பழைய நூல்களில் அயல்தேசம் ஒன்றின் பெயர். கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதிக் கரைவாசிகளைப் பார்பரோய் என்கிறது. அந்தக் கரையில் பெர்பெரா என்னும் துறைமுகம் இன்றும் உண்டு. புளிமரம் மறந்துவிட்ட பிறந்த திசையை இந்த மரத்தின் பெயர் நினைவில் வைத்திருக்கிறது.

ஆனைப்புளி என்றும் இதற்குப் பெயர். பருமனையும் சாம்பல் நிறப் பட்டையையும் பார்த்து நம்மவர்கள் வைத்திருப்பார்கள். ஆப்பிரிக்காவிலோ யானைக்கும் இதற்கும் உள்ள உறவு நேரடியானது. மழை பொய்த்த காலத்தில் யானைகள் தந்தத்தால் அடிமரத்தைக் கிழித்து, ஈரமான நாரை மென்று தாகம் தணிக்கும். உரிந்த பட்டையை மரம் மீண்டும் வளர்த்துக்கொள்ளும். ஆண்டின் பெரும்பகுதி இலையில்லாமல் நிற்கும். நீரைத் தண்டில் சேமிக்கும். வெள்ளைப் பூக்கள் இரவில் விரியும், வௌவால்கள் தேடி வரும். ஜிம்பாப்வேயில் 2011-இல் சாய்ந்த பாங்கே என்ற மரத்துக்கு வயது ஏறக்குறைய 2,450.

ஈழத்தமிழர் இதைப் பெருக்குமரம் என்பார்கள். மன்னார் பள்ளிமுனையிலும் நெடுந்தீவிலும் இன்றும் நிற்கிறது. பள்ளிமுனை மரத்தின் சுற்றளவு 19.5 மீட்டர். அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்பது அவ்வூர் வழக்கு. ரயில்வே வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய குடும்பங்களின் பேச்சுமொழிக்குச் சொந்தமான சொல் பெருக்குமரம். பருத்துப் பெருகும் மரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கேட்டதில்லை.

மலேசியாவில் இதைப் பார்க்கப் பினாங்கு போகலாம். ஜாலான் மெக்காலிஸ்டரில் நிற்கும் மரத்தை 1871-இல் நட்டவர் கேப்டன் ஸ்பீடி. பினாங்குக்கு வருமுன் ஆப்பிரிக்காவின் அபிசீனியாவில் பணியாற்றியவர் அவர்.

அடுத்த பள்ளி விடுமுறையில் பினாங்கு போகிறவர்கள் பிள்ளைகளை அந்த மரத்தடிக்கு அழைத்துப் போங்கள். பாவோபாப் என்பதை அவர்களே பலகையில் படித்துக்கொள்வார்கள். பெருக்குமரம், ஆனைப்புளி, பப்பரப்புளி என்பதை நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.