மழை எழுதிய வருசங்கள்

எங்கள் அம்பாறைக் கரையோரக் கிராமங்களில் மூத்தவர்கள் வருசங்களை இலக்கத்தால் நினைவு வைப்பதில்லை. 'வெள்ள வருசம்' என்றால் 1957 டிசெம்பர். 'சூறாவளி வருசம்' என்றால் 1978 நவம்பர். இரண்டுக்குமிடையே இருபத்தொரு ஆண்டுகள். ஒரு பேரிடரின் பெயர் ஒரு தலைமுறைக்குப் போதுமாயிருந்தது.

எனது மாணவர்களால் அப்படிப் பெயர் வைக்க இயலாது. 2011 ஜனவரியில் ஒரு வெள்ளம், பெப்ரவரியில் இன்னொன்று. வேளாண்மை இருமுறையும் நீரில் கிடந்தது. 2016 இறுதியில் மாரியே பொய்த்தது. நாற்பதாண்டுகளில் காணாத வரட்சி என்றார்கள். மழை தேடித் தொழுத ஸப்பில் நானும் நின்றேன். 2024 நவம்பரில் காரைதீவில் வெள்ளம் உழவு இயந்திரமொன்றைக் கவிழ்த்து மத்ரஸா மாணவர்களின் உயிரைப் பறித்தது. அடுத்த நவம்பரிலேயே 'டித்வா' புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

ஒவ்வொரு வெள்ளத்தையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. 1957இலும் குளங்கள் உடைந்தன. ஆனால், ஒரு பாகை செல்சியஸ் சூடேறிய காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே, பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பெய்யாதபோது அதே சூடு வயலின் ஈரத்தை விரைவாக உறிஞ்சுகிறது. வடகீழ்ப் பருவமழை நின்றுவிடவில்லை. அதன் ஒழுங்குதான் குலைகிறது.

விதைப்புக்கு நாள் குறிக்கையில் வட்டவிதானைமார் நம்பியது மூத்தோரின் நினைவைத்தான். அந்த நினைவு மட்டும் இனிப் போதாது. ஊர்ப் பள்ளிக்கூடங்கள்தோறும் ஒரு மழைமானி வைத்து நாளாந்தம் எழுதி வருவோம். நமது பிள்ளைகளின் வரலாற்றுக்கு அந்தக் கொப்பியும் வேண்டும்.