யொருபா மக்களின் அசோ ஓகே துணியும் மணிமுடியும்

தென்மேற்கு நைஜீரியாவிலும் அதையடுத்த பெனின் நாட்டிலும் வாழும் யொருபா மக்களிடையே ஒருவரின் தகுதியை உடையும் தலையணியும் சேர்ந்தே காட்டுகின்றன. உயர்ந்த துணியைப் பொருள் படைத்தவர் எவரும் வாங்கலாம். மணிமுடிக்கோ உரிமை வேண்டும்.

விழாக்களுக்குரிய கைத்தறித் துணி அசோ ஓகே. ஆண்கள் ஒடுங்கிய தறியில் இதைச் சுமார் 10 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக நெய்வது வழக்கம். பாவின் மறுமுனை கனமான சுமையொன்றில் கட்டப்பட்டுத் தறிக்கு முன்னால் வெகுதூரம் நீண்டிருக்கும். நெய்ய நெய்ய அந்தச் சுமை நெசவாளரை நோக்கி நகர்ந்து வரும். பிறகு பட்டைகளைக் கரையோடு கரை சேர்த்துத் தைப்பார்கள். ஓயோ மாநிலத்து இசெயின் நகரம் இந்நெசவுக்குப் பெயர்பெற்றது.

மூன்று வகைகளுக்கு மதிப்பு அதிகம். அவுரியில் பலமுறை தோய்த்த கருநீல நூலில் மெல்லிய வெளிர்கோடுகள் ஓட நெய்தது எத்து. காட்டுப் பட்டுப்பூச்சிக் கூடுகளிலிருந்து நூற்ற தவிட்டு நிற நூலால் ஆனது சன்யான். செந்நிற அலாரிக்கான பட்டு ஒருகாலத்தில் சகாராவைக் கடந்து வணிகர்களால் கொண்டுவரப்பட்டது. நூலின் அருமையே இவற்றின் மதிப்புக்கு அடிப்படை. ஆண்கள் அணியும் அக்பாடா என்ற அகன்ற மேலங்கிக்குத் துணி மிகுதியாகத் தேவைப்படும். தோளில் மடித்து ஏற்றிக்கொள்ளும் அந்த மிகுதியே செல்வத்தின் அடையாளம். பெண்கள் கெலே என்ற தலைத்துணியை உயர்த்தி மடிப்பு மடிப்பாகக் கட்டுகிறார்கள். மணவிழாவிலும் ஈமச்சடங்கிலும் உறவினர் அனைவரும் ஒரே துணியில் உடுத்தும் வழக்கம் அசோ எபி எனப்படுகிறது.

அடே என்ற மணிமுடி கூம்பு வடிவானது. இஃபே நகரின் ஒடுதுவாவை மூதாதையாகக் கொண்ட அரசர்களுக்கே அது உரியது. முகங்களும் பறவைகளும் மணிகளால் அதில் அமைக்கப்படும். விளிம்பிலிருந்து தொங்கும் மணிச்சரங்கள் அரசரின் முகத்தை மறைக்கும். மக்கள் காண்பது அரசமரபையே, தனிமனிதரை அல்ல. முடியின் உட்புறத்தை அரசரும் பார்க்கக்கூடாது என்பது மரபு.

இந்த உரிமை எவ்வளவு கண்டிப்பாகக் காக்கப்பட்டது என்பதற்கு 1903-இல் நடந்த வழக்கே சான்று. எலெப்பே என்ற ஆட்சியாளர் மணிமுடி அணியலாமா என்ற பூசல் எழுந்தபோது, பிரித்தானிய ஆளுநர் வில்லியம் மெக்ரிகர் இஃபேயின் அரசரான ஊனி முதலாம் ஒலுபுசேயை லாகோஸுக்கு வரவழைத்தார். எலெப்பேக்கு அவ்வுரிமை இல்லை என்று ஊனி கூறினார்.

முறைசார்ந்த பெருஞ்சடங்குகள் அல்லாத வேளைகளில் மணிச்சரமற்ற சிறுமுடிகளை அரசர்கள் அணிந்தனர். இவற்றின் வடிவத்துக்குக் கட்டுப்பாடு குறைவு. காலனியாட்சிக் காலத்தில் ஆங்கில வழக்கறிஞர்களின் பொய்முடியைப் போன்ற வடிவிலும் மணிகள் கோத்துச் சிறுமுடிகள் செய்யப்பட்டன.