தொண்ணூறு நிமிடங்கள் யாருடையவை?

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிறு மாலை. ஸ்ரௌவ்விலில் வெளியே முழங்காலளவு பனி. வீட்டின் நிலக்கீழ் அறையில் மகனும் அவனுடைய கூட்டாளியும் தொலைக்காட்சித் திரையில் உதைபந்தாடத் தயாரானார்கள். பகலா இரவா, மழையா வெயிலா, பாதிக்கு எத்தனை நிமிடம் என்று ஒவ்வொன்றாகத் தெரிவு செய்தார்கள். பாதிக்கு 6 நிமிடம் என்று முடிவாயிற்று. ஊரில் நாங்கள் பாதிக்கு 25 நிமிடம் ஆடினோம் என்றேன். அவன் திரும்பிப் பாராமலே, “அப்ப அது உண்மையான மட்ச் இல்லை, அப்பா” என்றான்.

12 நிமிடத்தில் ஆட்டத்தை முடிப்பவன் வழங்கிய தீர்ப்பு இது. சிரித்துவிட்டு மேலே வந்துவிட்டேன். ஆனாலும் அந்தச் சொல் என்னை விடவில்லை. சிறுபிள்ளை விளையாட்டில் ஆராய என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு ஆட்டத்தின் ‘உண்மையான’ நேரத்தையும் ‘இயல்பான’ காலநிலையையும் யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி இருக்கிறது. அது சிறுபிள்ளைக் கேள்வியல்ல.

முதலில் திரையைப் பார்ப்போம். 45 நிமிடங்களை 6 நிமிடத்துக்குள் அடக்கினால் கடிகாரம் ஏழரை மடங்கு வேகத்தில் ஓடவேண்டும். ஆட்டக்காரர்களோ இயல்பான வேகத்தில்தான் ஓடுகிறார்கள். பத்து விநாடித் தாக்குதல் ஒன்று கடிகாரத்தில் 75 விநாடிகளை விழுங்கிவிடுகிறது. இதற்குள் இரண்டு மூன்று கோல் விழவேண்டுமானால் கோலை நெருங்குவது நிஜத்தைவிட இலகுவாக்கப்படவேண்டும். அதே விளையாட்டைப் பாதிக்கு 45 நிமிடமாக ஆடிப்பாருங்கள், கோல்கள் கூடைப்பந்துக் கணக்கில் ஏறும். களைப்பும் அப்படித்தான். 12 நிமிட ஓட்டத்தில் எவரும் களைப்பதில்லை. எனவே களைப்பைக் கால்களிலிருந்து கழற்றிக் கடிகாரத்தில் கட்டிவிடுகிறார்கள்.

காலநிலையும் இவ்வாறே கணக்காக்கப்பட்டது. 1992இல் இங்கிலாந்தில் வெளியான ‘சென்சிபிள் சொக்கர்’ உறைந்த நிலம், சேற்று நிலம், ஈரநிலம், காய்ந்த நிலம் என்று மைதானங்களை வகைபிரித்து, பந்தின் ஓட்டத்தை அதற்கேற்ப மாற்றியது. வன்கூவருக்கு அருகே பேர்ணபியில் உருவான ‘ஃபீஃபா’ விளையாட்டு 1993இன் இறுதியில் வந்து, முப்பதாண்டுகள் அப்பெயரில் தொடர்ந்து, 2023இல் பெயர் மாறியது. நிலமும் காலநிலையும் விரலால் தெரிவு செய்யும் பொருள்களாகிவிட்டன. ஆனால் இத்தெரிவுகளுக்கு நடுவில் ‘இயல்பு’ என்ற ஒன்று எப்போதும் உண்டு. மிதமான வானம், பச்சைப் புல், 90 நிமிடம்.

இந்த இயல்புக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு. 1866 மார்ச் 31இல் லண்டன் அணியும் ஷெஃபீல்ட் அணியும் பற்றர்சி பூங்காவில் மோதியபோது மூன்று மணியிலிருந்து நாலரை மணிவரை ஆடுவதென உடன்பட்டன. 1897இல் அந்த ஒன்றரை மணித்தியாலம் விதியாக எழுதப்பட்டது. ஒரு குளிர்நாட்டின் பிற்பகலுக்குப் பொருந்திய உடன்பாடு உலகம் முழுவதற்குமான அளவுகோலாயிற்று.

அந்த அளவுகோல் பிறரை எப்படி அளந்தது என்பதற்கு 1948 லண்டன் ஒலிம்பிக் நல்ல சான்று. இந்திய அணியினர் பலர் வெறுங்காலுடன் பிரான்சை எதிர்த்தார்கள். சாரங்கபாணி ராமன் 70ஆவது நிமிடத்தில் கோலடித்து ஆட்டத்தைச் சமப்படுத்தினார். இறுதி நிமிடங்களில் பிரான்ஸ் இரண்டாவது கோலைப் போட்டு வென்றது. அக்காலத்தில் இந்தியாவின் உள்ளூர்ப் போட்டிகள் 70 நிமிடங்களே நடந்தன என்பதைச் சேர்த்துப் பாருங்கள். அவர்கள் பழகிய கடிகாரத்தின்படி அது சமநிலையில் முடிந்த ஆட்டம். இரண்டு தண்டனை உதைகளை அவர்கள் தவறவிட்டதையும் மறைக்கக்கூடாது, தோல்வி முழுவதையும் கடிகாரத்தின் தலையில் போடமுடியாது. ஆனால் 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றபின் மிஞ்சியது ‘வெறுங்காலர்’ என்ற ஏளனம் மட்டுமே. நேரத்தையும் நிலத்தையும் குளிரையும் எவரும் நினைவில் வைக்கவில்லை.

பலமுள்ளவர்கள் இதை நன்கறிவார்கள். மெக்சிக்கோ தன் எதிராளிகளைக் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேலுள்ள தலைநகருக்கு அழைத்து மூச்சிரைக்க வைக்கும். கனடாவோ 2021 நவம்பர் 16இல் அதே மெக்சிக்கோவை எட்மன்ரனுக்கு அழைத்தது. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 9 பாகை. கனடா 2-1 என வென்றது. இதை எவரும் போலி ஆட்டம் என்று சொல்லவில்லை.

எங்கள் ஊர் ஆட்டத்துக்கும் இத்தகைய காரணங்கள் இருந்தன. நாலரை மணிக்கு முன் மணல் காலைச் சுட்டது. ஆறரைக்குப் பின் பந்து தெரியாது. இடையிலிருந்த வெளிச்சத்தில் இரண்டு ஆட்டங்கள் முடியவேண்டும், ஆகவே 25 நிமிடம். மணலில் தரையோடு உருட்டிய பந்து நின்றுவிடும், அதனால் எங்கள் ஆட்டம் உயரப் பந்துகளின் ஆட்டமாயிற்று. மாரி வந்து நிலம் இறுகினால் அதே பையன்கள் நிலத்தோடு ஆடினார்கள். எண்பதுகளில் ஊரடங்கு வந்தபோது 25 நிமிடம் 15 ஆயிற்று. மத்தியஸ்தரின் மணிக்கூட்டைவிடத் தெருவில் கேட்கும் வாகன இரைச்சல் பல ஆட்டங்களை முடித்துவைத்தது. அவை எந்தப் பதிவிலும் இல்லை.

இதையெல்லாம் மறுவாரம் மகனுக்குச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்து, “மணலுக்கு இதில ஒப்ஷன் இல்லை” என்றான். அது உண்மைதான். மணலை அந்த விளையாட்டில் சேர்க்கச் சொல்லி நாம் எவரையும் கேட்கப்போவதில்லை. ஆனால் எங்கள் மைதானங்களின் நேரத்தையும் நிலத்தையும் நினைவுள்ளவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். யார் வென்றார்கள் என்பதோடு, எத்தனை மணிக்குத் தொடங்கினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பதையும் அவர்கள் எழுதவேண்டும். எழுதாவிட்டால் என் மகனுடைய தீர்ப்பே வரலாறாக நின்றுவிடும்.