பாசறையும் முகாமும்: யுத்த உபரிப் பொருள்களின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

பழந்தமிழ் இலக்கியத்திற் 'பாசறை' என்னுஞ் சொல் போர்மேற் சென்ற மன்னனும் படையினருந் தங்கிய இடத்தைக் குறித்து நின்றது. காட்டை அழித்து அமைக்கப்பட்ட அத்தகைய பாசறையொன்றை முல்லைப்பாட்டு விரிவாகச் சித்திரிக்கின்றது. இன்று அதே சொல் சாரணச் சிறுவர்களின் விடுமுறைக் கூடலையுங் குறிக்கின்றது. 'முகாம்' என்பதன் பொருட்பரப்போ இன்னும் அகன்றது. படைமுகாம், அகதிமுகாம், மருத்துவமுகாம் என யாவற்றையும் நாம் ஒரே சொல்லால் வழங்குகின்றோம். சொற்கள் இவ்வாறு இடம்பெயர்தல் தற்செயல் நிகழ்ச்சியன்று. சொற்களுக்குப் பின்னால் பொருள்களும், பொருள்களுக்குப் பின்னால் சமூக உறவுகளும் இடம்பெயர்ந்துள்ளன.

படையினர் பயன்படுத்திக் கழித்த கூடாரம், போர்வை, நீர்க்குடுவை, முதுகுப்பை முதலியன உல்லாசப் பயணியின் கைக்கும், அனர்த்தத்துக்கு அஞ்சி ஆயத்தஞ் செய்யும் குடும்பத்தின் களஞ்சியத்துக்கும் வந்து சேர்ந்த வரலாற்றை இக்கட்டுரையிற் சுருக்கமாக நோக்குவோம். வாளைக் கலப்பையாக்கும் சமாதானத்தின் சின்னமாக இம்மாற்றத்தைக் காண்போர் உளர். சிக்கனமான நுகர்வோனின் சாமர்த்தியமாக மட்டும் இதனைக் காண்போரும் உளர். இரு நோக்குகளும் பொருளைக் காண்கின்றனவேயன்றி, அதனை ஆக்கிய உழைப்பைக் காண்பதில்லை. 1857 செப்டெம்பரில் எங்கெல்சுக்கு எழுதிய கடிதமொன்றில், உற்பத்திச் சக்திகளுக்கும் சமூக உறவுகளுக்குமுள்ள தொடர்பை இராணுவத்தின் வரலாறு தெளிவாகப் புலப்படுத்துகின்றது என்ற கருத்தை மார்க்ஸ் முன்வைத்தார். கூலிமுறை பண்டைக் காலத்தில் முதன்முதல் முழுமையாக வளர்ந்தது படையிலேயே என்பதும் அவர் சுட்டியவற்றுள் ஒன்று. அக்கருத்தே எமது ஆய்வுக்குத் தொடக்கப் புள்ளியாகும்.

யுத்தக் கழிவுப் பொருள் பெருவணிகமாதற்குப் பெருந்தொகை உற்பத்தி முன்நிபந்தனையாகும். அமெரிக்க உள்நாட்டு யுத்தம் முடிவுற்ற 1865ஆம் ஆண்டிலே இவ்வணிகம் உருப்பெறத் தொடங்கியமை இதனை விளக்கும். நியூயோர்க்கைச் சேர்ந்த பிரான்சிஸ் பானர்மன் படைகள் கழித்தவற்றை ஏலத்தில் வாங்கிப் பட்டியல் நூல்களின் மூலம் விற்றார். 1898இல் ஸ்பெயினுடனான யுத்தம் முடிந்தபோது வாங்கிய வெடிபொருள்களை நகருக்குள் வைத்திருத்தல் இயலாமற் போகவே, 1900இல் ஹட்சன் நதியிலுள்ள தீவொன்றையே அவர் விலைக்கு வாங்கினார். ஒவ்வொரு யுத்தமும் இவ்வணிகத்துக்கு ஓர் அறுவடையாயிற்று.

பிரித்தானியாவிற் பொருளோடு வாழ்க்கைமுறையும் படையிலிருந்து பெயர்ந்தது. பேடன்-பவல் 1899இற் படைவேவினருக்காக வெளியிட்ட கைநூலே பின்னர் சிறுவருக்கேற்ப விரிவாக்கப்பட்டு 1908இற் சாரணியத்தின் மூலநூலாயிற்று. இடையில் 1907 ஆகஸ்டிற் பிரவுன்சித் தீவில் நடைபெற்ற பரீட்சார்த்தப் பாசறையில் உயர்குடிப் பள்ளிச் சிறுவரும் உழைக்கும் வர்க்கச் சிறுவரும் இராணுவக் கூடாரங்களில் ஒருங்கே தங்கினர். வர்க்க வேறுபாட்டை ஒரு வாரத்துக்கு மறைக்க அக்கூடாரத் துணியால் இயன்றது. அவ்வேறுபாட்டை ஒழிக்க அதனால் இயலவில்லை. எனினும் ஆலைப் புகையிலிருந்து விடுபட்டு வெளியிலே தங்கும் வாய்ப்பு நகரத்து ஏழைச் சிறுவர்க்குக் கிட்டியதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

இரண்டாவது உலக யுத்தம் இவ்வியக்கத்தை முற்றிலும் புதிய கட்டத்துக்கு இட்டுச் சென்றது. அமெரிக்காவின் பத்தாவது மலைப்படைப் பிரிவு இவ்வகையிற் கருதத்தக்கது. மலையேறுவோரும் பனிச்சறுக்கு வீரரும் தம் அனுபவ அறிவைப் படைக்கு வழங்கினர். நைலோன் கயிறும் குளிர்தாங்கும் உறக்கப்பைகளும் கூடாரங்களும் அவ்வறிவின் துணையுடன் உருவாயின. 1938இல் அறிவிக்கப்பட்டுப் பெண்களின் காலுறைகளாகச் சந்தைக்கு வந்த நைலோன், யப்பானியப் பட்டு அற்றுப்போன நிலையிற் பரசூட் துணியாயிற்று. யுத்தம் முடிந்ததும் இவை யாவும் மலிவு விலையிற் பொதுமக்களை அடைந்தன. மலையேறியின் அறிவு படைக்குட் சென்று, அரசின் நிதியாலும் தொழிலாளரின் உழைப்பாலும் பொருளாகி, பின்னர் அவனுக்கே விற்பனைப் பண்டமாகத் திரும்பிற்று. வரி செலுத்தியும், உழைத்தும், பலவேளை உயிர் கொடுத்தும் தாம் ஆக்கிய பொருளை மக்கள் மீண்டும் ஒருமுறை விலைகொடுத்து வாங்கினர்.

இவ்விடத்தில் 'உபரி' என்னுஞ் சொல் மயக்கந் தரலாம். இராணுவ உபரி என்பது அரசியற் பொருளாதாரங் கூறும் உபரிப் பெறுமதியன்று. எனினும் இரண்டும் தொடர்பற்றனவுமல்ல. ஏகபோக முதலாளித்துவம் தனது பொருளாதார உபரியை உள்வாங்கும் வழிகளுள் இராணுவச் செலவு முக்கியமானதென 1966இல் வெளிவந்த நூலிற் பறனும் சுவீசியும் வாதிட்டனர். படைக்கெனச் செய்த பொருள் சந்தைக்குத் திரும்பினால் விலை வீழும் என்ற அச்சம் முதலாளிகளுக்கு எப்போதும் உண்டு. 1944 ஒக்டோபரில் அமெரிக்கா நிறைவேற்றிய உபரிச் சொத்துச் சட்டம் மீண்டுவந்த போர்வீரருக்கும் சிறு வணிகருக்கும் உதவுதலை நோக்கமாகக் கூறியது. உள்நாட்டுச் சந்தை குலையாது காத்தலும் அதன் நோக்கங்களுள் ஒன்றாகும்.

அதன் மறுபக்கத்தை இன்று வனுவாட்டு எனப்படும் நாட்டின் எஸ்பிரிற்று சான்ரோ தீவிற் காணலாம். யுத்த முடிவில் அங்கிருந்த வாகனங்களையும் இயந்திரங்களையும் மலிவு விலைக்கு வாங்குமாறு அமெரிக்கர் கேட்டனர். அத்தீவுகளை ஆண்ட பிரித்தானிய - பிரெஞ்சுக் கூட்டாட்சியினரோ, இலவசமாகவே கிடைக்கும் எனக் கருதி வாங்க மறுத்தனர். அமெரிக்கப் படையினர் அவற்றைக் கடலிலே தள்ளினர். 'மில்லியன் டொலர் முனை' என இன்றும் அக்கடற்கரை வழங்கப்படுகின்றது. பாதையும் வண்டியும் வேண்டியிருந்த தீவுமக்களைக் கேட்பார் எவருமிலர்.

உபரியின் ஒரு பகுதி கல்வியாகவும் உருமாறிற்று. வெளிநாடுகளில் விற்ற யுத்தப் பொருள்களின் வருவாயை மாணவர், அறிஞர் பரிவர்த்தனைக்குப் பயன்படுத்த 1946ஆம் ஆண்டின் புல்பிறைற் சட்டம் வழிவகுத்தது. 1952இல் இலங்கையும் அத்திட்டத்தில் இணைந்தது. எமது பல்கலைக்கழகச் சூழலும் இவ்வரலாற்றுக்கு வெளியே நிற்பதன்று.

இதனால் மக்கள் வெறும் நுகர்வோராகவே இருந்தனர் என நாம் கூறவில்லை. பிலிப்பைன்ஸ் மக்கள் அமெரிக்கர் விட்டுச்சென்ற ஜீப் வண்டிகளை நீட்டி, இருக்கை அமைத்து, வர்ணந் தீட்டி, 'ஜீப்னி' என்னும் பொதுப் போக்குவரத்து வாகனமாக்கினர். 1930களில் ஜேர்மனியப் படைக்கென வடிவமைக்கப்பட்ட 20 லீற்றர் எரிபொருட் கலமும் அத்தகையதே. வட ஆபிரிக்கப் போர்க்களத்திற் பிரித்தானியரின் மெல்லிய தகரங்கள் ஒழுகியபோது, அவர்கள் எதிரியின் கலத்தைக் கைப்பற்றிப் பின்னர் அதனைப் பார்த்தே தாமுஞ் செய்தனர். ஜேர்மனியரைக் குறித்த கேலிப்பெயரால் அது 'ஜெரி கான்' ஆயிற்று. இன்று அப்பெயருடைய பிளாஸ்ரிக் கலத்திலேயே ஆபிரிக்கக் கிராமப் பெண்கள் பலர் குடிநீர் சுமக்கின்றனர். பொருளின் பயன் அதன் பிறப்பால் மாத்திரம் நிர்ணயிக்கப்படுவதன்று. அதனைக் கையாளுவோரின் தேவையும் போராட்டமும் அதனை மாற்றவல்லன. 1971 ஏப்ரலில் வியற்நாமிலிருந்து மீண்ட அமெரிக்க வீரர்கள் தம் பழைய படையுடைகளுடன் வாஷிங்டனிற் கூடிப் பதக்கங்களை வீசியெறிந்தபோது, அவ்வுடை யுத்த எதிர்ப்பின் உடையாயிற்று.

இதற்கு எதிரான போக்கையும் மனங்கொள்ளல் வேண்டும். 1961 ஜூலையில் ஜனாதிபதி கெனடி அணுவாயுதத் தாக்குதலிலிருந்து பாதுகாப்புப் பெறுவதுபற்றி நாட்டுக்கு உரையாற்றியபின், தன் வீட்டைத் தானே காக்கவேண்டும் என்னும் மனோபாவம் வலுப்பெற்றது. நீரும் உலர் உணவும் பழைய படைப்பொருளுஞ் சேமிக்கும் 'ஆயத்தம்' அதன் வழிவந்ததாகும். முன்னெச்சரிக்கை அறிவுடைமையே. ஆயின் கூட்டுப் பொறுப்பாக அமையவேண்டிய பாதுகாப்பு தனிமனிதன் வாங்கும் பண்டமாகும்போது, வாங்கவியலாதவன் பாதுகாப்பற்றவனாகின்றான். 1990களில் விரிவாக்கப்பட்ட அமெரிக்கச் சட்டங்கள் உபரிப் படைக்கலங்களை உள்ளூர்ப் பொலிசாருக்கு வழங்கின. 2014இல் பேர்குசன் நகரில், கறுப்பின இளைஞனொருவனின் கொலையைக் கண்டித்துத் திரண்டவர்கள் இராணுவ வாகனங்களையும் படையுடையணிந்த பொலிசாரையும் எதிர்கொள்ள நேர்ந்தது. அயல்நாட்டு யுத்தத்தின் மிச்சம் உள்நாட்டு வறியவரை நோக்கித் திரும்பிய கதை அது.

எமது நாட்டிற் கூடாரம் உல்லாசத்தின் நினைவை எழுப்புவதரிது. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோர மக்கள் கூடாரங்களின் வெப்பத்திலே மாதக்கணக்கில் வாழ்ந்தனர். 2009இல் 2,50,000இற்கு மேற்பட்டோர் வவுனியா மாவட்ட முகாம்களில், முட்கம்பி வேலிக்குள் இருத்தப்பட்டனர். அங்கே கூடாரம் தங்குமிடமாகவும் சிறையாகவும் ஒருங்கே விளங்கிற்று. மழையிலிருந்து காக்கும் துணி, அதைச் சூழ்ந்த வேலியை யார் நாட்டினர் என்பதைப் பொறுத்தே பொருள் பெறுகின்றது.

ஆகவே படைப்பொருளைப் பயன்படுத்தலாமா என்பது எமது வினாவன்று. உறுதியான கூடாரமும் ஒழுகாத கலமும் வேண்டியவை. அவற்றை யார் ஆக்கினர், யார் விலை கொடுத்தனர், யாருடைய கட்டுப்பாட்டிலே அவை உள்ளன என்பனவே வினாக்கள். அவற்றை எழுப்பாதவரை யுத்தம் முடிந்த பின்னரும் அதன் பாசறை எம்மிடையே தொடர்ந்திருக்கும்.