கனடாவில் கஞ்சா சட்டபூர்வமாக்கமும் பணியிடப் பாதுகாப்பும்

கனடாவின் கஞ்சாச் சட்டம் 2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. உருகுவேக்கு அடுத்து, வயதுவந்தோர் கஞ்சா பயன்படுத்துவதை நாடு முழுவதும் அனுமதித்த இரண்டாவது நாடு கனடா. போதையுடன் வேலை செய்யும் உரிமையை இச்சட்டம் எவருக்கும் தரவில்லை. ஆனால், விடுமுறை நாளில் கஞ்சா புகைத்தவர் மறுநாள் இயந்திரத்தை இயக்கலாமா என்ற கேள்வி பெரிதானது.

சோதனையின் சிக்கல்

மது அருந்தியவர் இப்போது போதையில் இருக்கிறாரா என்பதை மூச்சுச் சோதனை காட்டிவிடும். கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி கொழுப்பில் கரைவது. போதை சில மணி நேரத்தில் தணிந்தாலும், அடிக்கடி பயன்படுத்துவோரின் சிறுநீரில் அதன் சிதைபொருள் வாரக்கணக்கில் தங்கும். எனவே சிறுநீர்ச் சோதனை பழைய பயன்பாட்டைக் காட்டுமே தவிர, இன்றைய போதையைக் காட்டாது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

இச்சிக்கல் 2018-க்கு முன்பே நீதிமன்றம் ஏறியது. இம்பீரியல் ஆயில் நிறுவனத்தின் சோதனைக் கொள்கை பற்றிய வழக்கில், ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் இதே வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியது. பாதுகாப்பு முக்கியமான பணிகளில் திடீர் மூச்சுச் சோதனை ஏற்கத்தக்கது. திடீர் போதைப்பொருள் சோதனை ஏற்கத்தக்கதன்று என்றது.

2013-இல் இர்விங் காகித ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. பணியிடம் ஆபத்தானது என்பது மட்டும் திடீர் மதுச் சோதனைக்குப் போதிய காரணமாகாது; அங்கே மதுப் பிரச்சினை இருப்பதற்கான சான்றும் வேண்டும் என்றது.

2001 முதல் கனடாவில் மருத்துவக் கஞ்சாவுக்கு ஒழுங்குமுறை அனுமதி உண்டு. அப்படிப் பயன்படுத்திய கட்டுமானத் தொழிலாளி ஒருவருக்கு வேலை மறுக்கப்பட்ட வழக்கில், நியூபவுண்ட்லாந்து லாப்ரடோர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. போதையை அளக்கும் கருவி இல்லை என்பதோடு நின்றுவிடாமல், அவரது செயல்திறனை நேரில் மதிப்பிட வழியுண்டா என்றும் பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்து.

இன்றும் தீராத கேள்வி

விமானிகளும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் பணிக்கு முன் 28 நாள் கஞ்சாவைத் தவிர்க்க வேண்டும் என 2019-இல் கனடியப் போக்குவரத்துத் துறை விதித்தது. ராணுவத்திலோ பொதுவான பணிக்கு 8 மணி நேரம், ஆயுதம் கையாள 24 மணி நேரம், சில சிறப்புப் பணிகளுக்கு 28 நாள் என விதி வகுக்கப்பட்டது. ஒரே நாட்டில் இத்தனை கால அளவுகள் இருப்பதே, அனைவரும் ஏற்கும் அளவுகோல் இல்லாததைக் காட்டுகிறது. விதி தளர்ந்தால் பக்கத்தில் வேலை செய்பவரின் உயிருக்கு ஆபத்து. விதி இறுகினால், தெளிந்த நிலையில் பணிக்கு வந்தவரின் பிழைப்பு போகும். இரண்டுக்கும் இடையே வழி தேடுவதே இந்த வரலாறு.